கேளுங்க சொல்றேன்: மாத்தி மாத்தி ஜி.கே. கேட்டுக்கற கோஷ்டிகளுக்கு

நாங்க அஞ்சு பேரு, நைட்டு சாப்ட்டு முடிச்சதும் கோட்டை மைதானத்துல உக்காந்து ஆளுக்கு ஒரு கேள்வின்னு மாத்தி மாத்தி கேட்டுக்குவோம், தப்பா சொன்னவன் டீ வாங்கணும். போன வாரம் நான் "இந்தியாவுல மொத ரயில் எங்க ஓடுச்சு?"ன்னு கேட்டேன். ஒருத்தன் பம்பாய்ங்கறான், ஒருத்தன் மெட்ராஸுங்கறான், இன்னொருத்தன் நம்ம வாலாஜான்னு சத்தியம் பண்றான். யாரு டீ வாங்கணும்?
- பேர் போடாதீங்கன்னு கேட்டுக்கிட்டவர், காட்பாடி

நீங்கதான் தம்பி. கேள்வி அவ்ளோ லூசா இருந்தா மூணு பேரும் எப்படியாவது நுழைஞ்சிடுவாங்க. 1853 ஏப்ரல் 16ஆம் தேதி பம்பாய் போரிபந்தர்லேர்ந்து தானேவுக்கு ஜனங்கள ஏத்திக்கிட்டு போச்சே, பாடபுத்தகத்துல இருக்கறது அதுதான். ஆனா அதுக்கு முன்னாடியே, 1837லயே, மெட்ராஸ்ல செங்குன்றம் பக்கம் ரோடு போடறதுக்கு கல்லு ஏத்திக்கிட்டு ஒரு ரயில் ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதுல டிக்கெட் வாங்கி ஏறுற ஆள் கெடையாது, வெறும் கல்லுதான். வாலாஜாக்காரர் சொல்றதும் சும்மா இல்ல, 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்துலேர்ந்து கெளம்பின வண்டி வாலாஜா ரோடு வரைக்கும் வந்துச்சு, தென்னிந்தியாவுல ஜனங்க போன மொத ரயில் அது. "பயணிகள்"னு ஒரு வார்த்தை, "தென்னிந்தியா"ன்னு ஒரு வார்த்தை, இதுல மொதல்லத மட்டுமோ இல்ல ரெண்டையுமோ நீங்க சேத்திருந்தா தகராறே வந்திருக்காது. எத வச்சு சரி தப்பு பாக்கறதுன்னு கேள்வியிலயே இருக்கணும், அத வுட்டுட்டு கேட்டவன்தான் தண்டம் கட்டணும்.

காலேஜ் ஃபிரண்ட்ஸ் நாங்க, எல்லாரும் வேலூர் மாவட்டம். "வேலூர் புரட்சி எந்த வருஷம்"னு கேட்டா எல்லாரும் ஒரே மூச்சுல சொல்லிடறாங்க. கொஞ்சம் யோசிக்க வைக்கற மாதிரி நம்ம ஊர் கேள்வி ரெண்டு குடுங்களேன்.
- மூணு பேர், குடியாத்தம்

வருஷம் கேக்கறதே சோம்பேறி கேள்விதாங்க. 1806 ஜூலை 10னு மனப்பாடம் பண்ணவனுக்கும் அன்னிக்கு கோட்டைக்குள்ள என்ன நடந்துச்சுன்னு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. இப்படி கேட்டு பாருங்க: "விடியறதுக்கு முன்னாடி சிப்பாய்ங்க புடிச்ச கோட்டை அன்னிக்கே கைய வுட்டு எப்படி போச்சு?" கோட்டைக்கு வெளிய தங்கியிருந்த ஒரு வெள்ளக்கார ஆபிசர் சத்தம் கேட்டு ஆற்காட்டுக்கு ஆள் வுட்டு சொல்ல, அங்கேர்ந்து கில்லெஸ்பிங்கற வெள்ளக்கார தளபதி குதிரைப்படைய கூட்டிக்கிட்டு வந்துட்டார், பின்னாடியே பீரங்கியும் வந்து கதவ ஒடைச்சிடுச்சு. ஆற்காடு சுமாரா இருபத்தஞ்சு கிலோமீட்டர்தான. அந்த படை இன்னும் தூரமா ஒரு ஊர்ல இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நீங்க பேச ஆரம்பிச்சா அன்னிக்கு வேற கேள்வியே தேவப்படாது.

ரெண்டாவது, எனக்கு ரொம்ப புடிச்சது: "இலங்கையோட கடைசி ராஜா எந்த ஊர்ல செத்தார்?" கண்டிம்பாங்க, கொழும்பும்பாங்க, கொஞ்சம் கெட்டிக்காரன் லண்டன்னு கூட சொல்லுவான். நம்ம வேலூருங்க! ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், பட்டத்துக்கு முன்னாடி கண்ணுசாமின்னு பேரு, மதுரை பக்கத்து நாயக்கர் வழி. 1815ல கண்டிய வெள்ளக்காரன் புடிச்சதும் மறு வருஷமே குடும்பத்தோட இங்க கொண்டாந்து கோட்டைக்குள்ள வச்சிட்டான், 1832ல இங்கயே உசுரு போச்சு. திப்புவோட பசங்களும் இதே கோட்டையிலதான் காவல்ல இருந்தாங்க, 1806 கலவரத்துக்கு அப்பறம் இவங்க இங்க இருந்தா ஆபத்துன்னு கல்கத்தாவுக்கு அனுப்பிட்டாங்க, பத்து வருஷத்துல கண்டி ராஜா வந்து சேந்துட்டார். பாலாத்தங்கரையில முத்து மண்டபம் இருக்குல்ல, எத்தன தடவ பஸ்ல தாண்டி போயிருப்பீங்க, அங்கதான் அவரு சமாதி. அடுத்த தடவ எறங்கி பாத்துட்டு வாங்க.

பதில் தப்புன்னு சொன்னா ஒடனே ஃபோன எடுத்து தேடி "இதோ பாரு, போட்டுருக்கு"ங்கறான். என்னா பண்றது?
- ஒரு அக்கா, ஆம்பூர்

ஃபோன் கூட்டத்துக்கு நடுவுல கவுத்து கெடக்கட்டும், எல்லாரும் பதில் சொன்னப்பறம்தான் தொடணும். அப்பவும் மொதல்ல வர்றத நம்பாதீங்க. "நம்ம தேசிய வெளையாட்டு எது"ன்னு தேடினா பாதி எடத்துல ஹாக்கின்னு வரும், ஆனா 2012ல ஆர்.டி.ஐ.ல கேட்டதுக்கு வெளையாட்டு அமைச்சகமே அப்படி எதையும் அறிவிக்கலன்னு பதில் குடுத்திருக்கு.

எங்க செட்டுல ஒருத்தன் டி.என்.பி.எஸ்.சி.க்கு படிக்கறவன், எல்லாத்துக்கும் அவனே பதில் சொல்றான், மத்தவங்க கொட்டாவி வுடறோம். அவன கழட்டி வுடறதா?
- நாலு கொட்டாவி, வாணியம்பாடி

அய்யோ பாவம், அவன ஏன் கழட்டணும். சரியா சொன்னவன்தான் அடுத்த கேள்விய கேக்கணும்னு ஒரு ரூல் போடுங்க, கேக்கறவன் பதில் சொல்ல முடியாதுல்ல, அப்ப ஒண்ணு வுட்டு ஒண்ணுதான் அவனுக்கு கெடைக்கும், நடுவுல நீங்க புகுந்துக்கலாம். இன்னொரு வழி, யார் பதில் கிட்டக்க இருக்கோ அவங்களுக்கு மார்க்குன்னு நம்பர் கேள்வி கேளுங்க. உங்க தலைக்கு மேலயே காவலூர் இருக்கு, ஜவ்வாது மலையில வைணு பாப்பு வானாய்வகம், அங்க இருக்கற பெரிய டெலஸ்கோப் கண்ணாடி எத்தன மீட்டர் அகலம்? படிச்சவனும் படிக்காதவனும் குத்துமதிப்பாதான் சொல்லணும். 2.3 மீட்டர், அதாவது ஒரு ஆள் கைய தூக்கி நின்னா எவ்ளோ ஒசரமோ கிட்டத்தட்ட அவ்ளோ. கூடவே "வெள்ளி கிரகத்துல ஒரு வருஷம் பெருசா, அது தன்னத்தானே ஒரு சுத்து சுத்தறது பெருசா"ன்னு கேளுங்க. சூரியன சுத்த நம்ம கணக்குல 225 நாள், தன்னத்தானே சுத்த 243 நாள். டி.என்.பி.எஸ்.சி. அண்ணனே ஒரு நிமிஷம் முழிப்பார்.

டாக்டர் ராதாகிருஷ்ணன் எந்த மாவட்டத்துக்காரர்? நான் வட ஆற்காடுன்னேன், நண்பன் திருவள்ளூர்னு அடிச்சு சொல்றான்.
- ரெண்டு பேர், ராணிப்பேட்டை

அவரு பொறந்தது 1888, திருத்தணி பக்கம். அப்ப அது வட ஆற்காடுதான், அதுல சந்தேகமே வேணாம். 1911ல சித்தூர் மாவட்டம் உண்டானப்ப திருத்தணி அதோட போயிடுச்சு, 1960ல ஆந்திராவோட எல்லைய மாத்திக்கிட்டப்ப மறுபடி நம்ம பக்கம் வந்து செங்கல்பட்டுல சேந்துச்சு, இப்ப திருவள்ளூர். ஊரு அசையல, கோடு மட்டும் அதும்மேல நகந்துக்கிட்டே இருக்கு. பொறந்தப்ப எந்த மாவட்டம்னு கேட்டா பாயிண்ட் உங்களுக்கு, இப்ப எந்த மாவட்டம்னு கேட்டா உங்க நண்பருக்கு. வேலூர் ஊரீஸ் காலேஜ்ல அவரு படிச்சிருக்காருங்கறத கூட ஒரு போனஸ் கேள்வியா வச்சுக்கோங்க. அப்பறம், மாவட்ட சண்டை போடற நீங்க ரெண்டு பேருமே 2019 வரைக்கும் வேலூர் மாவட்டத்துக்காரங்கதான், ஞாபகம் இருக்கட்டும்.