பாசி எடுக்கும் பெண்களின் படங்கள்: கண்காட்சியில் வைக்கலாமா?

பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் படம் பிடித்திருக்கிறீர்கள். அவற்றைக் கரையில் பொறுக்கிய பவளத் துண்டுகளோடு சேர்த்து இறுதி ஆண்டுக் கண்காட்சியில் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். பவளம் வேண்டவே வேண்டாம். 2001 முதல் அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்பு பெற்ற உயிரினங்களின் பட்டியலில், இருக்கிறது. கரையில் செத்துக் கிடந்தது என்ற சமாதானம் எடுபடாது.

படங்கள்தாம் என்னை அதிகம் கவலைப்படுத்துகின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. தலைமுறைகளாகப் பாசி எடுத்த இடத்திலேயே இன்று அந்தப் பெண்கள் அத்துமீறியவர்கள் ஆகிறார்கள். முகமும் பின்னணியில் தீவும் தெளிவாகத் தெரியும் ஒரு படம், உங்களுக்கு மதிப்பெண் தரலாம். அவர்கள்மீது வழக்குக்குச் சான்றாகவும் ஆகலாம். படம் எடுக்கச் சம்மதித்தார்கள் என்கிறீர்கள். எங்கே மாட்டப்படும், யார் பார்ப்பார்கள், இணையத்தில் ஏறுமா என்பதைச் சொல்லிக் கேட்டீர்களா? அதைச் சொல்லாமல் பெற்ற தலையசைப்பைச் சம்மதமாக நான் ஏற்க மாட்டேன்.

படங்களை அச்சிட்டு ஊருக்கு எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துப் போங்கள். வேலை நாளில் உட்கார வைத்தால் அன்றைய வருமானத்தைக் கொடுங்கள். வேண்டாம் என்று அவர்கள் ஒதுக்கும் படத்தை வாதாடாமல் விட்டுவிடுங்கள். முகங்களுக்குப் பதிலாக, பாறை கிழிக்காமலிருக்கத் துணி சுற்றிய விரல்களை மட்டும் வரைந்தாலே ஒரு சுவர் நிறையும் என்று நம்புகிறேன். கீழே பெயர் போடுவதா என்பதையும் அவர்களே சொல்லட்டும்.