வேக்சர்ஃபிங் அலை நுரையாகவே வருகிறதா? எடையை ஒரு பக்கமாகச் சாயுங்கள்

வேக்சர்ஃபிங்குக்காக, அதாவது படகு கிளப்பும் அலையில் பலகை மேல் நின்று சறுக்குவதற்காக, படகின் பின்னால் வலமும் இடமும் எடைக்கு 200 லிட்டர் தண்ணீர்ப் பை வைத்தும் வெறும் நுரைதான் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். வலது பையைக் காலி செய்யுங்கள். உங்கள் பையன் பலகையில் இடது காலை முன்வைத்து நிற்பவன் என்பதால் அவனுக்கு இடப்பக்க அலைதான் வேண்டும். எடையும் இடது பின்மூலையில்தான் இருக்க வேண்டும். சமமாக ஏற்றினால் இரண்டு பக்க அலையும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். டிவிஎஸ் 50-ல் வாழைத்தார் கட்டும் புத்தி இங்கே உதவாது!

அப்புறம், ஆட்களும் எடைதான். இரண்டு பேரை இடப்பக்கம் உட்கார வைத்து, மணிக்கு 16 கிலோமீட்டரில் தொடங்கி மெதுவாக 19 வரை ஏற்றிப் பாருங்கள். அலை உயரமாக, ஆனால் நீளம் குறைவாக வந்தால் கொஞ்சம் எடையை முன்பக்கம் நகர்த்துங்கள், நீளும்.

பை வாங்கப் பணமில்லாமல் சிமெண்ட் மூட்டை போடலாமா என்றால், வேண்டாம். படகுக்குள் தண்ணீர் புகுந்தால் தண்ணீர்ப் பை கிட்டத்தட்ட மிதக்கும், மூட்டை படகை இழுத்துக்கொண்டு போகும். பை ஒழுகுகிறதா என்று பார்க்க, கிளம்புமுன் மதுரையில் மொட்டை மாடியிலேயே நிரப்பி ஒரு ராத்திரி விடுங்கள். என் பையில் மூடி ஓரம் சொட்டியது ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊருக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

உங்கள் படகு இன்போர்டு (எஞ்சின் உள்ளே, விசிறி படகுக்கு அடியில்) என்பதால் இதெல்லாம் சொன்னேன். அவுட்போர்டு (எஞ்சின் வெளியே பின்பக்கம் தொங்கும் வகை) என்றால் சர்ஃபிங்கே கூடாது, விசிறி பையன் காலுக்குப் பக்கத்தில் சுற்றும். ஆட்களையும் சேர்த்து மொத்த எடை, படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள அளவைத் தாண்டக் கூடாது.