கேபிளில் இணைத்தும் பிங் போகவில்லை, வைஃபை இணையமும் நின்றுவிட்டது

வணக்கம். இரண்டு விண்டோஸ் கணினிகளைக் கேபிளால் நேரடியாக இணைத்தும் ஒன்றிலிருந்து மற்றதற்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகவில்லை, வைஃபை இணையமும் நின்றது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டிலும் 169.254 என்று தொடங்கும் ஐபி (நெட்வொர்க்கில் கணினியின் முகவரி எண்) வந்ததால் கேபிளைச் சந்தேகப்படுகிறீர்கள். போர்ட்டில் விளக்கு எரிந்தால் கேபிள் பெரும்பாலும் சரிதான். கிகாபிட் போர்ட்டுகளுக்கு கிராஸ்ஓவர் கேபிள் (உள்கம்பிகளை மாற்றி இணைத்தது) தேவையில்லை, சாதாரண கேபிளே போதும். ஐபி வழங்க நடுவில் ரவுட்டர் இல்லாததால் கணினியே அந்த எண்ணை எடுத்துக்கொண்டது.

ஈதர்நெட்டின் (கேபிள் இணைப்பின்) ஐபிவி4 அமைப்பில் ஒன்றுக்கு 10.10.10.1, மற்றதற்கு 10.10.10.2 கொடுங்கள். சப்நெட் மாஸ்க் இரண்டிலும் 255.255.255.0. கேட்வே (வெளி இணையத்துக்குப் போகும் வழி), டிஎன்எஸ் (இணையப் பெயர்களை எண்ணாக மாற்றும் சேவை) இரண்டையும் கட்டாயம் காலியாக விடுங்கள். நீங்கள் கேட்வேயில் எதிர்க் கணினியின் எண்ணைப் போட்டதால்தான் இணையம் நின்றது: விண்டோஸ் வேகமான ஈதர்நெட்டை முதலில் நம்பி, எல்லாவற்றையும் அந்த வழியே அனுப்பப் பார்க்கிறது. வைஃபை 192.168.1 வரிசையில் இருந்தால் அதே வரிசையைக் கேபிளுக்கும் வைக்காதீர்கள், குழப்பம் வரும்.

இதற்குப் பிறகும் பிங் போகாவிட்டால் பெரும்பாலும் ஃபயர்வால்தான் (விண்டோஸின் பாதுகாப்புத் தடுப்பு) காரணம். கேட்வே இல்லாத இணைப்பை விண்டோஸ் பப்ளிக் (நம்ப முடியாத பொது நெட்வொர்க்) என்று எடுத்துக்கொண்டு, உள்ளே வரும் பிங்கைத் தடுக்கும். ஃபயர்வாலை மொத்தமாக அணைக்க வேண்டாம். அதன் அட்வான்ஸ்டு அமைப்பில் இன்பவுண்ட் ரூல்ஸ் (உள்ளே வருவதற்கான விதிகள்) போய், ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங், எக்கோ ரிக்வெஸ்ட், ஐசிஎம்பிவி4’ என்ற விதிகளில் பப்ளிக் உள்ளதை மட்டும் இரண்டு கணினியிலும் இயக்குங்கள்.