மீன் தொட்டியில் அவயம்: உள்ளேயே செத்த குஞ்சுகள்

கேள்வி: அண்ணா, வீட்டில் சும்மா கிடந்த இரண்டடி மீன் தொட்டியில் 40 வாட் குண்டு பல்பு மாட்டி, ஆன்லைனில் வாங்கிய, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வைத்து, தெர்மாகோல் மூடி போட்டு, தை மாதம் 24 சிறுவிடை நாட்டுக்கோழி முட்டையை அவயம் வைத்தேன், அதாவது குஞ்சு பொரிக்க அடை வைத்தேன். ஃபேன் வைக்கவில்லை. மீட்டரில் எப்போதும் 37.5 டிகிரிதான் காட்டியது. 21-ஆம் நாள் ஒன்றுமே வரவில்லை, 23-ஆம் நாள் ஐந்து குஞ்சு வந்தது. மீதியை உடைத்துப் பார்த்தால் பத்துக்கு மேல் முழுசாக வளர்ந்து உள்ளேயே செத்துக் கிடக்கிறது, சவ்வு காகிதம் போல உடம்பில் ஒட்டியிருக்கிறது. மனசே கேட்கவில்லை. எங்கே தப்பு செய்தேன்?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: பத்துக்கு மேல் முழுசாக வளர்ந்திருக்கிறது என்றால் சேவலிலும் முட்டையிலும் குறை இல்லை தம்பி, குறை பெட்டியில். அதுவும் இரண்டு குறை.

முதலாவது சூடு. தெர்மோஸ்டாட்டின் உணரி, அதாவது சூட்டை அளக்கிற முனை, எங்கே தொங்குகிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் 21-ஆம் நாள் வர வேண்டிய குஞ்சு 23-ஆம் நாள் வந்ததே அதைச் சொல்லிவிடுகிறது. சூடு குறைந்தால் குஞ்சு தாமதமாக வரும், கூடினால் 20-க்கு முன்பே வரும். ஃபேன் இல்லாத தொட்டியில் சூடான காற்று மேலே போய் நின்றுவிடும், உணரி பல்புக்குப் பக்கத்திலோ மூடியின் அடியிலோ இருந்தால் அது தன் இடத்துச் சூட்டைத்தான் காட்டும், கீழே படுத்திருக்கிற முட்டைக்குச் சூடு குறைவாகவே கிடைத்திருக்கும். உணரியின் நுனி முட்டையின் மேல்பக்க உயரத்தில், பல்பின் நேர் வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் 12 வோல்ட் ஃபேன் ஒன்றைப் போட்டு, காற்று முட்டை மேல் நேராக அடிக்காமல் தொட்டி முழுக்கச் சுற்றும்படி வையுங்கள், அப்போது 37.5 சரி. ஃபேன் வேண்டாம் என்றால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 முதல் 38.9 வரை வேண்டும். பலரும் இந்த இரண்டு கணக்கையும் கலந்துவிடுகிறார்கள்.

மீட்டரையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் உணரியையும் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரையும் சேர்த்துப் போட்டு, கலக்கிவிட்டு, இரண்டும் ஒரே அளவு காட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு டிகிரி தப்பாகக் காட்டும் கருவியால் ஒரு தடவை வைத்த முட்டையில் நிறைய வீணாகலாம்.

இரண்டாவது ஈரம். சவ்வு காகிதம் போல ஒட்டியது அதனால்தான். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து அடிக்கிற வறட்டுக் காற்றை நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, துணி காய்கிற வேகத்தில் முட்டையும் காயும். முதல் 18 நாள் ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70. தண்ணீரின் ஆழம் இதற்கு உதவாது, பரப்புதான் உதவும், அதனால் அகலமான தட்டு வையுங்கள், கடைசி மூன்று நாள் அதில் ஸ்பாஞ்சும் போடுங்கள். ஆனி, ஆடியில் சாரல் காற்று அடிக்கும்போது அதே தட்டு அதிகமாகிவிடும், தண்ணீரைக் குறைக்க வேண்டிவரும்.

ஈரமானியை விட எனக்கு நம்பிக்கை தராசு மேல்தான். 18 நாளில் முட்டை தன் எடையில் சுமார் 12 சதவீதம் இழக்க வேண்டும். பத்து முட்டைக்குப் பென்சிலில் அடையாளம் போட்டு எடை பாருங்கள். தொடக்கத்தில் 400 கிராம் என்றால் 9-ஆம் நாள் 376 பக்கமும் 18-ஆம் நாள் 352 பக்கமும் இருக்க வேண்டும். அதைவிட வேகமாகக் குறைந்தால் தண்ணீர்ப் பரப்பைக் கூட்டுங்கள், மெதுவாகக் குறைந்தால் தட்டைச் சின்னதாக்குங்கள். அந்தப் பத்தில் ஏதாவது கூமுட்டை என்று 7-ஆம் நாள் டார்ச் அடித்துப் பார்க்கும்போது தெரிந்தால் அதன் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த மூடி. மீன் தொட்டிக்கு வாய் மேலே இருப்பதால் ஒரு தடவை தூக்கினாலே சூடும் ஈரமும் ஒன்றாக வெளியே போய்விடும். 18-ஆம் நாள் வரை தினம் மூன்று அல்லது ஐந்து தடவை திருப்பித்தான் ஆக வேண்டும், சட்டென்று திருப்பி மூடுங்கள். 18-க்கு மேல் திருப்பவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம், குஞ்சு ஓட்டில் மூக்கு வைத்த பிறகு ஆசையில் அடிக்கடி திறந்து பார்ப்பதுதான் பெரிய கெடுதல். பழைய மீன் தொட்டியோடு வந்த காற்றுக் குழாய் இருக்குமே, அதை மூடி வழியாகத் தட்டுக்கு விட்டு ஊசிக்குழலால் தண்ணீர் ஊற்றுங்கள், திறக்கவே வேண்டாம். பார்க்க முன்பக்கக் கண்ணாடி இருக்கிறது, மற்ற மூன்று பக்கமும் அடியும் வெளியே தெர்மாகோல் ஒட்டுங்கள். பல்புக்குப் பக்கத்தில் மட்டும் தெர்மாகோல் வரவே கூடாது, உருகித் தீப்பிடிக்கும். மூடியில் இரண்டு மூன்று சின்ன ஓட்டை கட்டாயம், குஞ்சு ஓட்டுக்குள்ளிருந்தே மூச்சு விடுகிறது. ஒரே பல்பாக இல்லாமல் 25 வாட்டில் இரண்டு போட்டால் ராத்திரியில் ஒன்று ஃபியூஸ் போனாலும் முட்டை மொத்தமாக ஆறிவிடாது.

கேள்வி: எங்கள் ஊரில் மழைக்காலத்தில் கரண்ட் இரண்டு மூன்று மணி நேரம் போய்விடுகிறது. முட்டை கெட்டுவிடுமா?
- வாசகி, வேலந்தாவளம்

பதில்: கெடாது அம்மா. அடைக்கோழியே தினம் ஒருதரம் இரை தின்ன எழுந்து போகிறது, முட்டை அதற்குள் கொஞ்சம் ஆறத்தான் செய்கிறது. கரண்ட் போனால் மூடியைத் திறக்காமல், பெட்டி மேல் கனமான போர்வையைப் போர்த்துங்கள். 18 நாள் தாண்டியிருந்தால் காற்று ஓட்டையை மட்டும் மூடாமல் விடுங்கள். நேரம் நீண்டால் வெந்நீர் நிரப்பிய பாட்டில் இரண்டைத் துணியில் சுற்றி உள்ளே வைக்கலாம். கரண்ட் வருவதற்குள் போர்வையை எடுத்துவிடுங்கள், பல்பும் போர்வையும் சேர்ந்தால் ஆபத்து. குளிரை விடச் சூட்டுக்குத்தான் கரு சீக்கிரம் சாகும், 40 டிகிரியைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கும் வெள்ளை முட்டையை வைத்தால் பொரிக்குமா?
- பள்ளி மாணவர், கோபாலபுரம்

பதில்: பொரிக்காது. அந்தப் பண்ணைகளில் பெட்டைக்கோழியோடு சேவலை விடுவதில்லை, அதனால் கரு இருக்காது. சேவலோடு மேய்கிற நாட்டுக்கோழி முட்டையாக, இட்டு ஏழு நாளுக்கு உட்பட்டதாக, ஃப்ரிட்ஜில் வைக்காததாக வாங்குங்கள். அழுக்காக இருந்தால் கழுவாதீர்கள், சுத்தமான முட்டையாகப் பொறுக்கி எடுங்கள்.