எண்ணெயை மாற்றினேன், எடை ஏன் ஏறியது?

எங்கள் எண்ணெய்ப் பொட்டலத்தில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதை நம்பி வாங்கலாமா?

எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் எந்தத் தாவர எண்ணெயிலுமே கொலஸ்ட்ரால் சொல்லும்படியாக இருக்காது. ஆகவே அந்த வரியை வைத்து ஒன்றைவிட இன்னொன்று மேல் என்று முடிவு செய்யாதீர்கள். ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி நம் உடலே தயாரிப்பது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து வாரி எடுக்கும் ஏற்பிகள் கல்லீரலில் நிறைய இருக்கின்றன. வெண்ணெய், நெய் போன்றவற்றில் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பை அதிகம் சாப்பிட்டால் அவற்றின் வேலை மந்தமாகி, எல்.டி.எல். ரத்தத்திலேயே தேங்கிவிடும். பொட்டலத்தைத் திருப்பிப் பின்பக்க அட்டவணையில் நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு, ட்ரான்ஸ் கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள். அந்த இரண்டு எண்கள் போதும்.

வெண்ணெயை விட்டுச் சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறினேன். மூன்று மாதத்தில் எல்.டி.எல். இறங்கியது, எடையோ நான்கு கிலோ ஏறிவிட்டது. எண்ணெய்தான் காரணமா?

எண்ணெய் காரணம் என்றால், அதன் அளவாக இருக்கும், வகையாக இருக்காது. என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கொலஸ்ட்ரால் ஒரு கணக்கு, எடை வேறொரு கணக்கு. சூரியகாந்தி, எள், கடலை, ஆளிவிதை என எதைப் பிழிந்தாலும் கிராமுக்கு 9 கலோரிதான். ஒரு மேசைக்கரண்டி கிட்டத்தட்ட 14 கிராம்; 120 கலோரிக்கு மேல். ‘இதயத்துக்கு நல்லது’ என்ற நிம்மதியில் கை தாராளமாகிவிடுகிறது. அப்படித் தினமும் இரண்டு கரண்டி கூடினாலே எடை ஏறும்.

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை அழகாகக் காட்டுகிறது. ஒல்லியான 39 பேருக்கு 7 வாரம், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் மஃபின் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு, வெண்ணெயைப் போலவே நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த பாமாயிலில் செய்தது, மறு குழுவுக்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. இரண்டு குழுவுக்கும் எடை ஒரே அளவுதான் ஏறியது. ஆனால் பாமாயில் குழுவுக்குக் கல்லீரலிலும் வயிற்றின் உள்ளேயும் கொழுப்பு கூடுதலாகச் சேர்ந்திருந்தது. அதனால் வெண்ணெய்க்குத் திரும்பிப் போகாதீர்கள், அளவைப் பிடியுங்கள். வீட்டில் ஒரு மாதத்தில் தீரும் எண்ணெயைச் சாப்பிடுபவர்களின் எண்ணிக்கையாலும், பிறகு 30ஆலும் வகுத்துப் பாருங்கள். வரும் எண் பெரும்பாலானவர்களைத் திடுக்கிட வைக்கும்.

‘விதை எண்ணெய்கள் விஷம், ஒமேகா 6 உடலில் அழற்சியைக் கிளப்பும்’ என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம். விதை எண்ணெய்களில் இருக்கும், ஒமேகா 6 வகையைச் சேர்ந்த லினோலெயிக் அமிலத்திலிருந்து உடலில் அராக்கிடோனிக் அமிலம் உருவாகும், அழற்சியைத் தூண்டும் சில பொருள்கள் அதிலிருந்து உருவாகும் என்பது சரி. ஆனால் அந்த மாற்றத்தை உடல் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. லினோலெயிக் அமிலத்தைக் கூட்டிக் கொடுத்த சோதனைகளை 2012இல் தொகுத்துப் பார்த்தபோது, ஆரோக்கியமானவர்களுக்கு அழற்சி கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இந்த வாதத்துக்குத் துணையாக அமெரிக்காவின் மினசோட்டா ஆய்வைக் காட்டுவார்கள். 1968 முதல் 1973 வரை நடந்தது. 2016இல் மறுஆய்வு செய்தார்கள். நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாகச் சோள எண்ணெய் கொடுத்ததில் கொலஸ்ட்ரால் குறைந்தது, ஆனால் மரணங்கள் குறையவில்லை. இதை மறைக்கக் கூடாது. அதே சமயம், அதில் சேர்க்கப்பட்ட 9,000க்கும் மேற்பட்டவர்களில் ஓராண்டாவது அந்த உணவில் இருந்தவர்கள் நான்கில் ஒரு பங்கினர் மட்டுமே. இதயக் குழாய்களில் பல்லாண்டுகளாகப் படிந்ததை அவ்வளவு சிறிய கால அளவில் எடைபோட முடியாது. ஒட்டுமொத்தச் சான்றுகளையும் அலசிய அமெரிக்க இதயச் சங்கம் 2017இல், நிறைவுற்ற கொழுப்புக்குப் பதில் பன்மை நிறைவுறாக் கொழுப்பை (சூரியகாந்தி, சோள எண்ணெய் போன்றவற்றில் மிகுந்திருப்பது) சாப்பிட்டால் இதய நோய் குறையும் என்றே சொன்னது. ‘பதில்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இருப்பதோடு கூடுதலாக ஊற்றினால் அந்தப் பலன் கிடைக்காது.

தேங்காய் எண்ணெய் நல்ல கொழுப்பைக் கூட்டுகிறதாமே?

கூட்டுகிறது. கூடவே எல்.டி.எல்.லையும் கூட்டுகிறது. அதில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. மருந்து கொடுத்து, நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல்.லை மட்டும் உயர்த்திப் பார்த்த பெரிய சோதனைகளில் எதிர்பார்த்தபடி மாரடைப்பு குறையவில்லை. கொலஸ்ட்ரால் ஏற்கெனவே அதிகம் என்றால் இதை அன்றாட எண்ணெயாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

செக்கில் ஆட்டியதா, ரீஃபைண்டா?

கொழுப்பு அமிலங்களின் விகிதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், கலோரியும் அதே. செக்கெண்ணெயில் வைட்டமின் ஈ போன்றவை கூடுதலாகத் தங்கும். உங்களுக்குப் பிடித்ததை வாங்குங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதைத்தான் நிறுத்த வேண்டும், அது எந்த எண்ணெயாக இருந்தாலும்.

எண்ணெயை மாற்றிவிட்டேன். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். எண்ணெயை மாற்றுவதால் கிடைக்கும் இறக்கம் ஸ்டாடின் தரும் இறக்கத்துக்கு ஈடாகாது. மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவை எடுத்துப் போய், மருந்தின் அளவைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.