கோடைக்கு ஏ.சி. எத்தனை யூனிட் இழுக்கும்?

கேள்வி: நங்கநல்லூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே எங்கள் வீடு. சென்ற ஏப்ரல்-மே பில் 560 யூனிட், டிசம்பர்-ஜனவரியில் 260. வானிலை மையத்தின் வெப்பநிலையை வைத்து அடுத்த கோடைக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட முடியுமா? ஏ.சி. ஸ்டிக்கரில் உள்ள யூனிட்டை நம்பலாமா?

பதில்: ஸ்டிக்கரை ஓரமாக வையுங்கள். அது வருடத்துக்கு 1600 மணி நேரம் ஓடினால் என்று போட்ட கணக்கு. தினம் 8 மணி நேரம் என்றால் 200 நாளில் தீர்ந்துவிடும். ஒரு மாடலை இன்னொன்றோடு ஒப்பிட மட்டும்தான் அது உதவும். உங்கள் வீட்டுக் கணக்கு உங்கள் பழைய பில்லிலேயே இருக்கிறது.

முதலில் டிசம்பர்-ஜனவரி பில்லை எடுங்கள். ஏ.சி. ஓடியிருக்காது, ஆனால் கீசர் ஓடியிருக்கும். 2 கிலோவாட் கீசர் தினம் அரை மணி நேரம் என்றால் ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்குச் சுமார் 60. அதைக் கழித்தால் 200. இது எந்த இரண்டு மாதத்துக்கும் ஆகிற அடிப்படைச் செலவு. ஏப்ரல்-மேயில் இதற்கு மேல் போன 360 யூனிட்தான் வெயிலின் பங்கு.

அடுத்தது டிகிரி-நாள். ஒரு நாளின் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையைக் கூட்டி இரண்டால் வகுத்து, அதிலிருந்து அடிப்படை வெப்பநிலையைக் கழிக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு நாளும் வருவதைக் கூட்டினால் அந்த மாதத்தின் டிகிரி-நாள். வெளிநாட்டுக் கணக்குகளில் 18 டிகிரியை அடிப்படையாக வைப்பார்கள். நமக்கு அது சரிப்படாது. 18 டிகிரியில் சென்னைக்காரர் மங்கி குல்லாய் தேடுவார்! எந்தச் சராசரி வெப்பத்தில் உங்கள் கை ரிமோட்டுக்குப் போகிறதோ, அதை வையுங்கள். 26 என்று கொள்வோம். வானிலை மையம் அளவெடுக்கும் இடங்களில் நுங்கம்பாக்கத்தைவிட மீனம்பாக்கத்து அளவுதான் உங்கள் பேட்டைக்குப் பொருந்தும். ஏப்ரல் சராசரி 30.5, மே 32.5 என்றால், 4.5×30, 6.5×31, இரண்டும் சேர்ந்து சுமார் 336. 360-ஐ 336-ஆல் வகுத்தால் ஒரு டிகிரி-நாளுக்கு 1.07 யூனிட். உங்கள் வீட்டின் எண் இதுதான்.

இனி எந்த இரண்டு மாத பில்லுக்கும் டிகிரி-நாளை 1.07-ஆல் பெருக்கி 200-ஐக் கூட்டினால் போதும். ஏ.சி.யை ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் அடிப்படையும் ஏறக்குறைய 27 ஆகும். அதே கோடைக்கு 275 டிகிரி-நாள், மொத்தம் சுமார் 495 யூனிட். 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரைக்கான குறைந்த கட்டணம் போய்விடும் என்பதால், இந்த ஒரு டிகிரி பில்லில் நன்றாகவே தெரியும்.

ஒரு குறை உண்டு. இந்தக் கணக்குக்கு ஈரப்பதம் தெரியாது. டிரெயின் குழாய்க்கு அடியில் வைத்த பக்கெட் ராத்திரியில் நிரம்புகிறதே, காற்றிலிருந்து அந்தத் தண்ணீரைப் பிழியவும் கரண்ட்தான் செலவாகிறது. புழுக்கமான மாதங்களில் பில் சற்றுக் கூடுதலாக வந்தால் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டாம்.

அப்புறம், மொட்டை மாடி. இரவு பத்து மணிக்கு ஃபேனைப் போட்டால் அனல் இறங்குகிறதா? பகலில் கான்கிரீட் குடித்த வெயில் அது. மாடியில் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் ஒட்டியபின் அந்த 1.07 என்ற எண் குறைய வேண்டும். குறையவே இல்லை என்றால் ஏ.சி. ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.