போகும்போது ஏழு மணி நேரம், வரும்போது இரண்டு மணி நேரமா?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறேன். சென்னையில் இரவு 11.30-க்குக் கிளம்பி காலை 6.20-க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. திரும்பும்போது இரவு 8.00-க்குக் கிளம்பி 9.50-க்கே சென்னை. எது சரி? முட்டிவலிக்காரி நான், எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்கும்? — வாசகி, தஞ்சாவூர்

இரண்டுமே சரிதான். இரண்டுமே 4 மணி 20 நிமிடப் பயணம். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர்க் கடிகாரப்படியும், இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரப்படியும் இருக்கும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. போகும்போது வருகிற 6 மணி 50 நிமிடத்தில் அதைக் கழியுங்கள். வரும்போது வருகிற 1 மணி 50 நிமிடத்தோடு கூட்டுங்கள்.

அந்த ஊர்க் கடிகாரமே கொஞ்சம் வேகம்தான். பூகோளப்படி பார்த்தால், உலக நேரத்துக்கெல்லாம் அடிப்படையான லண்டன் கிரீன்விச் நேரத்தைவிட ஏழு மணி முன்னால் இருந்தால் போதும். 1982 தொடக்கத்தில் மலேசியாவோடு சேர்ந்து எட்டாக்கிக்கொண்டார்கள். அதனால் ஆண்டு முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் அங்கே சூரியன் உதிக்கும். நீங்கள் இறங்கும்போது ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டாக இருக்கும், பயப்படாதீர்கள்.

தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். வங்காள விரிகுடாவைக் கடந்து, கிரேட் நிக்கோபார் பக்கமாக, சுமத்ராவின் வடமுனையைத் தொட்டுப் போகும் வழி. மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் என்றால் மூன்றரை மணி நேரம்கூட ஆகாதே என்று உங்கள் பேரப்பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள். ஆனால் டிக்கெட் கணக்கு விமானம் நின்ற இடத்திலிருந்து நகர ஆரம்பித்ததும் தொடங்கி, அங்கே போய் நிற்கும்வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். தாமதமானாலும் சமாளிக்கக் கொஞ்சம் கூடுதலாகவும் போட்டு வைப்பார்கள்.

காற்றும் உண்டு, ஆனால் நம் பாதையில் அது பெரிய விஷயமில்லை. டெல்லி–டோக்கியோ போகிறவர்களைக் கேளுங்கள். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் உயர்வானக் காற்று போகும்போது தள்ளிவிடும், வரும்போது எதிர்த்து நிற்கும். திரும்பும் பயணம் ஒன்றரை, இரண்டு மணி நேரம்கூட நீளும்.

சரி, முட்டிக்கு வருவோம். கிளம்புவதற்கு முக்கால் மணி முன்பே ஏற்ற ஆரம்பித்துவிடுவார்கள். ஆகவே ஐந்து மணி நேரம் இருக்கையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி கேட்டால் நடை மிச்சம், ஆனால் முதலில் ஏற்றி கடைசியில் இறக்குவார்கள், உட்காரும் நேரம் கூடும். கொஞ்சம் நடக்க முடியும் என்றால் நான் வேண்டாம் என்பேன். நடைபாதை ஓர இருக்கையை இப்போதே கேட்டு வாங்குங்கள். வரிசை குறைந்த பிறகு ஏறுங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து பின்பக்கம்வரை போய் வாருங்கள், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

அப்புறம், மகனை 6.20-க்கே வந்து நிற்கச் சொல்லாதீர்கள். குடிநுழைவுச் சோதனை முடிந்து, பெட்டி வந்து நீங்கள் வெளியே வர ஏழேகால் ஆகும்.